ஆள் விழாத படம்

நிலக்காட்சிப் படம் எடுப்பவர்களிடையே எழுதப்படாத விதி ஒன்று உண்டு: படத்தில் ஆள் விழக் கூடாது. மலையோ கடலோ காடோ, எதை எடுத்தாலும் மனித நடமாட்டம் தெரியக் கூடாது. தவிர்க்க முடியாமல் ஓர் ஆள் வந்துவிட்டால் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, கடுகளவு சிறுத்து, முடிந்தால் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இந்த விதியை யார் இயற்றினார் என்று நான் கேட்டதில்லை. குற்றாலத்தில் ஐந்தருவியைக் குளிப்பவர் தலை தெரியாமல் எடுத்துவிட வேண்டும் என்று விடியுமுன்னே போய் நின்றவன் நான். அந்த நேரத்திலும் நாலு பேர் உடம்பெல்லாம் எண்ணெய் வழிய நின்றுகொண்டு, "தம்பி, குளிக்கவில்லையா?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வந்து குளிக்காமல் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இந்தக் கோடை விடுமுறையில் புன்னைக்காயலில் நான் எடுத்த படங்கள் அந்த விதிக்கு முழுக்கக் கட்டுப்பட்டவை. தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், ஆற்றுக்கும் அலைக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கும் மணல்திட்டு. ஒரு பக்கம் நுரைத்துக்கொண்டிருக்கும் கடல், மறுபக்கம் அசையாத காயல், நடுவில் வெறும் மணல். ஒரு காலடித் தடம்கூட இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும், "இவ்வளவு அமைதியான தீவு நம் பக்கத்திலா இருக்கிறது? அங்கே ஆளே போகமாட்டார்களா?" என்றுதான் கேட்டார்கள். "போவார்கள், வருவார்கள்" என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். படம் எடுத்த அந்த நேரத்தில், சட்டகத்துக்கு வெளியே, மணல்மேட்டின் மறுசரிவில், நிழல் என்று ஒன்றும் இல்லாத வெயிலில் ஒரு மனிதர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி எழுதாமல் அந்தப் படங்களை யாருக்கும் காட்டுவது சரியாகப் படவில்லை. அதற்கு முன், ஏன் அந்தத் திட்டுக்குப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

போகக் கூடாத தீவுகள்

திருநெல்வேலிக்காரர்கள் ஆற்றுக்காரர்கள். எங்களுக்குக் கடல் என்றால் திருச்செந்தூர். கடலில் ஒரு முழுக்கு, நாழிக்கிணற்றில் ஒரு முழுக்கு, பன்னீர் இலையில் விபூதி, திரும்பும் வழியில் கருப்பட்டி. அத்தோடு கடல் முடிந்துவிடும். 1986இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்துபோன பிறகும் எங்கள் வீட்டுப் பேச்சில் அந்தக் கரை முழுவதும் திருநெல்வேலிச் சீமைதான். அந்தக் கடலில் தீவுகள் இருக்கின்றன என்பது பலருக்குக் காணும் பொங்கலன்று, முயல் தீவுக்குச் சோற்று மூட்டையோடு கிளம்பும்போதுதான் நினைவுக்கு வரும். முயல் தீவுக்குப் போகப் படகு தேவையில்லை. துறைமுகத்துக்காகப் போட்ட சாலை அதைக் கரையோடு சேர்த்துவிட்டது.

கடலுக்குள் தனித்து நிற்கும் தீவுகள் வேறு. மன்னார் வளைகுடாவில், இராமேசுவரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை, கரைக்கு இணையாக வரிசை கட்டி நிற்பவை. 21 தீவுகள் என்று கணக்கு. பவளப்பாறை சூழ்ந்த, உயரமே இல்லாத மணல் மேடுகள் அவை. கடலின் கோபத்தைக் கரைக்கு முன்னால் நின்று வாங்கிக்கொள்பவை. 1986 முதல் அந்தப் பகுதி தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் எவரும் கால் வைக்க முடியாது. கேமரா வைத்திருக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் ஏக்கம் உண்டு. குறை சொல்ல மனம் வரவில்லை. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல காலம் அங்கே பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள். வேலியை எடுத்துவிட்டால் வெள்ளாமை நிற்குமா? அரண் போனதும் மணலும் போயிற்று. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் முழுகிவிட்டன. காரியாச்சல்லி 1969இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. 2018இல் 6 ஹெக்டேர்கூட இல்லை. வான் தீவைக் காப்பாற்ற, சிமெண்டில் செய்த செயற்கைப் பாறைகளைக் கடலுக்குள் இறக்கி வைத்திருக்கிறார்கள். இந்த நிலையில் நானும் போய் அங்கே முக்காலியை ஊன்றுவேன் என்று அடம்பிடிப்பது அழகில்லை.

மிச்சமிருப்பவை முகத்துவாரத் திட்டுகள். இவற்றுக்கு வரைபடத்தில் பெயர் கிடையாது. ஒரு பருவமழைக்குத் தீவாக இருக்கும். அடுத்த கோடையில் ஒரு முனை கரையோடு ஒட்டிக்கொண்டு நாக்கு நீட்டும். அதற்கடுத்த மழையில் நடுவே உடைந்து இரண்டாகும். ஆறு கொண்டுவரும் மணலை அலை திருப்பித் தள்ளுகிறது. தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் அந்த மணல் கரையோரமாக வடக்கே நகர்கிறது, வாடைக் காலத்தில் தெற்கே திரும்புகிறது. இந்த இழுபறியில் எங்கே ஆற்றின் விசையும் அலையின் விசையும் சரிக்குச் சரியாக நிற்கிறதோ அங்கே மணல் படிந்து மேடாகிறது. விடுமுறைக்கு வருகிறவனுக்கு இதைவிட வசதியான தீவு எங்கே கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம்

அக்காவை ஆத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சேலத்து ஆத்தூர் இல்லை, முக்காணிக்குப் பக்கத்து ஆத்தூர், வெற்றிலைக்குப் பேர்போனது. 2023இல் ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அத்தான் தம் கொடிக்காலைப் பற்றிப் பேசும் தோரணையே மாறிவிட்டது. அவருக்குப் புன்னைக்காயலில் பழக்கமான படகுக்காரர் ஒருவர் உண்டு. "ஞாயிற்றுக்கிழமை போ மாப்பிள்ளை. மற்ற நாளில் அவரைப் பிடிக்க முடியாது" என்றார் அத்தான். அந்தக் கரை கத்தோலிக்கக் கரை. பதினாறாம் நூற்றாண்டில் அண்டிரிக் அடிகளார் போர்த்துகல்லிலிருந்து வந்து தங்கித் தமிழ் கற்றுத் தமிழிலேயே எழுதிய ஊர் புன்னைக்காயல். ஞாயிறன்று யாரும் கடலுக்குப் போவதில்லை. காலையில் பூசை, மதியம் கறிச்சோறு, பிறகு வலையைப் பழுது பார்ப்பதும் சீட்டாட்டமும் தூக்கமும். படகுக்கார அண்ணாச்சி அந்தத் தூக்கத்தைத்தான் எனக்காக விட்டுக்கொடுத்தார்.

உப்பளங்களைத் தாண்டி, அலையாத்தி மரங்கள் ஓரம் கட்டி நின்ற கால்வாய் வழியாகப் படகு போயிற்று. கரையை ஒட்டி வரிசையாகக் கட்டிக் கிடந்த வள்ளங்கள், அவற்றின் மீது காயப்போட்ட வலைகள், பெயர்ப் பலகை போல ஒவ்வொரு வள்ளத்தின் நெற்றியிலும் ஒரு புனிதர். திட்டை நெருங்கும்போது அண்ணாச்சி எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டுக் கம்பை எடுத்து ஊன்றித் தள்ளத் தொடங்கினார். அடியில் மணல் உரசும் சத்தம் கேட்டது. இரண்டொரு இடத்தில் அவரே இறங்கிப் படகைத் தோளால் முட்டித் தள்ளினார். ஏதோ பயணக் கதைக்குள் நுழைந்துவிட்டது போல எனக்கு உற்சாகமாக இருந்தது. அவர் முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

திட்டில் கால் வைத்ததும் முதலில் தெரிந்தது காற்று. கச்சான் அப்போதுதான் பிடித்திருந்தது. கணுக்கால் உயரத்துக்கு மணல் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு மேலே காற்று சுத்தமாக இருந்தது. குனிந்து தரையை ஒட்டிப் பார்த்தால் மணல் ஒரே நிறத்தில் இல்லை. காற்று அதைப் புடைத்துப் பிரித்து வைத்திருந்தது. லேசான வெள்ளை மணல் மேடுகளுக்குப் போய்விட, கனமான கரும்பொடியும் இளஞ்சிவப்புப் பொடியும் பள்ளங்களில் வரிவரியாகத் தங்கியிருந்தன. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இந்தக் கரையோர மணலின் பெயரைக் கேட்டாலே அரசியல் ஞாபகம் வந்துவிடும். 2013இல் தமிழக அரசு தாதுமணல் எடுக்கத் தடை விதித்த கதையெல்லாம் நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். தரையில் படுத்துக்கொண்டு பார்க்கும்போது அந்தக் கதை எதுவும் இல்லை. வரிக்கு வரி இடைவெளி ஒரு விரற்கடை. ஒவ்வொரு வரியின் காற்றுப் பக்கமும் சரிவாக, மறுபக்கம் செங்குத்தாக. எடுத்துக்கொண்டிருக்கும்போதே வரி இடம் மாறியது. லென்சைத் திருப்பினால் நறநற என்றது. அந்தச் சத்தம் கேட்டதும் எந்தக் கேமராக்காரனுக்கும் வயிற்றைக் கலக்கும், எனக்கும் கலக்கியது.

மேட்டின் உச்சியில் இராவணன் மீசைப் புல். அதன் நுனிகள் காற்றில் ஆடி ஆடித் தன்னைச் சுற்றிலும் மணலில் அரைவட்டங்கள் போட்டு வைத்திருந்தன. சரிவில் அடம்பங்கொடி, வெயிலில் சுருங்கத் தொடங்கிய ஊதாப்பூ. ஓர் உப்புக்கொத்தி எனக்கு முன்னால் கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அதன் பின்னாலேயே போனேன். "தம்பி, அந்தப் பக்கம் கால் வைக்காதீர்கள்" என்று அண்ணாச்சி கத்தினார். அருகில் வந்து காட்டினார். மணலில் லேசான குழி, உடைந்த சிப்பித் துண்டுகளுக்கு நடுவே மணல் நிறத்திலேயே மூன்று முட்டைகள். அவர் காட்டியிராவிட்டால் மிதித்திருப்பேன். ஒரு காய்ந்த குச்சியைத் தள்ளி நட்டு அடையாளம் வைத்துவிட்டு, "தாய் வேண்டுமென்றே உங்களை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போனது" என்றார். அந்த முட்டைகளை நான் படம் எடுக்கவில்லை. வெயிலில் அந்தப் பறவை எவ்வளவு நேரம் வெளியே நிற்கும் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் கேமராவை இறக்கிவிட்டேன்.

பிறகு வந்தது அந்தப் படம். வெளிச்சம் சாய்ந்து மேடுகளின் வளைவு தெளிவாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. திட்டின் முழு நீளமும், இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே சட்டகத்தில் வரும்படி ஓர் இடம் பார்த்து முக்காலியை ஊன்றினேன். சட்டகத்தின் இடது ஓரத்தில் படகு நின்றது. நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டடி இந்தப் பக்கம், இரண்டடி அந்தப் பக்கம் நகர்ந்து பார்த்தேன், அவ்வளவுதான். அதற்குள் அண்ணாச்சி எழுந்துவிட்டார். "படகை அந்தப் பக்கமாகத் தள்ளிக் கட்டிவிடுகிறேன். நானும் மேட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன். முடிந்ததும் ஒரு குரல் கொடுங்கள்" என்றார். வேண்டாம் என்றேன். "பரவாயில்லை தம்பி. கேமராவோடு வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள்" என்றார். அவர் குரலில் வருத்தம் துளியும் இல்லை. தொழில் தெரிந்தவரின் குரல் அது. வந்தவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொண்டவரின் குரல். படகைத் தள்ளிக் கட்டினார். வலையை, தண்ணீர்க் கேனை, சோற்றுத் தூக்கை எல்லாம் எடுத்துக்கொண்டார். ஈரமணலில் படகு இழுபட்ட தடத்தைக் கையில் இருந்த பலகையால் தேய்த்துவிட்டுப் போனார் என்பதுதான் இன்றுவரை என்னை விடாமல் அரிக்கிறது. அந்தத் தடத்தை நான் கவனிக்கவே இல்லை. அவர் கவனித்திருந்தார்.

அவர் மேட்டுக்குப் பின்னால் மறைந்ததும் எடுத்தேன். நன்றாகவே வந்தது. இந்த விடுமுறையில் எடுத்தவற்றில் அதுதான் சிறந்த படம் என்று இப்போதும் சொல்வேன். படம் நன்றாக இருப்பதும் அது எனக்கு உறுத்துவதும் ஒன்றையொன்று ரத்து செய்யவில்லை. ஆள் இல்லாத நிலத்தைப் பார்க்கும்போது மனம் அடங்குகிறது, அது பொய்யில்லை. சென்னையில் மாடிக்கு மாடி ஆள் இருக்கும் கட்டடத்தில் பதினொரு மாதம் இருந்துவிட்டு வருகிறவனுக்கு அது மருந்து. ஆனால் அந்த மருந்தைத் தயாரித்துத் தருவதற்கென்று அந்த நிலத்து மனிதர் எழுந்து போய் வெயிலில் உட்கார வேண்டியிருக்கிறது. இவர் பழகியும் விட்டார்.

கடல் விலகிய வழி

திரும்பும் வழியில் அத்தான் கொற்கைக்கு அழைத்துப்போனார். அவருக்கு வேறு காரணம். அங்கே ஒருவரிடம் வைக்கோல் பேச வேண்டியிருந்தது. அவர் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் குளத்தங்கரையில் நடந்தேன். பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பேர்போன பட்டினம் என்று பள்ளிப் பாடத்தில் படித்த கொற்கை இப்போது வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூர். ஒரு பழைய வன்னி மரம், அக்கசாலை ஈசுவரமுடையார் கோயில், பெரிய குளம். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப்போய்விட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்தான் கடலைத் தள்ளியது. கொற்கை தூர்ந்ததும் துறைமுகம் கிழக்கே காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து பார்த்து வியந்தது அந்தக் காயலைத்தான். இன்று அது பழையகாயல், உப்பளங்களின் ஊர். அதுவும் தூர்ந்த பிறகு புன்னைக்காயல். இடையன்குடியில் இருந்த கால்டுவெல் பாதிரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து, ஆற்று மண் கடலைத் தள்ளிய இந்தக் கதையை எழுதி வைத்தார்.

குளத்தங்கரையில் நல்ல அமைதி. கேமராவைக் கையில் எடுத்தேன். உடனே ஒரு யோசனை வந்து தொற்றிக்கொண்டது. கொற்கை அமைதியாக இருப்பதற்குக் காரணம் அங்கிருந்த தொழில் எழுந்து வேறிடம் போய்விட்டதுதான். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். முத்துச் சிப்பி போன பிறகு, அது விளைந்த கடலடிப் பார்களும் அமைதியாகத்தான் கிடக்கின்றன. விடுமுறைக்காரன் அமைதி என்று பாராட்டும் இடத்தில் எல்லாம், என்ன ஓய்ந்தது, எப்போது ஓய்ந்தது என்று ஒரு கேள்வி இருக்கும்போலும். இதை அத்தானிடம் சொன்னேன். "வைக்கோலுக்கு அவன் கேட்கிற விலையைப் பார்த்தால் இந்த ஊரில் ஒன்றும் ஓய்ந்த மாதிரித் தெரியவில்லையே" என்றார்.

திங்கட்கிழமை

மறுநாள் விடியற்காலையில் மறுபடி போனேன். இந்த முறை படகில் ஏறவில்லை, கரையில் நின்றேன். முந்தின நாள் ஆளரவமற்றுக் கிடந்த கரை முழுவதும் ஆட்கள். பெட்டிகள், ஐஸ் வண்டிகள், தராசு, ஏலக்குரல், காக்கை, நாய். நண்டை வலையிலிருந்து கழற்றும் பெண்களின் விரல் வேகத்துக்கு என் கேமராவில் வேகம் போதவில்லை. ஒரு நண்டுக்கு ஒரு கணம். கொடுக்கைப் பிடித்து, மடக்கி, நூலை விலக்கி, கூடையில் போட்டாயிற்று. அருகில் குனிந்தேன். "நேற்றுத் திட்டைப் போய் எடுத்தாயாமே தம்பி, அங்கே என்ன இருக்கிறது? இதை எடு. விலையையும் சேர்த்துப் போடு, ஊரில் உள்ளவன் தெரிந்துகொள்ளட்டும்" என்றார் ஓர் அம்மா. பக்கத்தில் இருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, என் முகத்தை எடுத்தால் கேமராவைக் கடலில் வீசிவிடுவேன் என்றார். இரண்டும் நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் கூட்டத்தில் பாதிப் பேர் ஏலத்தைப் பார்க்கவில்லை. கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். என் தீவு அங்கே கிடந்தது. அதற்கு அப்பால், கடலில், வள்ளங்கள் நின்றுகொண்டிருந்தன. நீர் வற்றியிருந்த நேரம். முகத்துவாரத்தில் வள்ளம் நுழையும் அளவு தண்ணீர் இல்லை. ஏறும்வரை வெளியே நிற்க வேண்டும். அவசரப்பட்ட ஒன்று உள்ளே நுழையப் பார்த்து மணலில் தட்டி நின்றது. நாலைந்து பேர் குதித்துத் தோளைக் கொடுத்து முட்டினார்கள். அலை பக்கவாட்டில் அடித்தது. ஒருமுறை வள்ளம் சாயப் பார்த்து நிமிர்ந்தது. கரையில் நின்றவர்கள் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வெளியே நிற்கும் வள்ளங்களில் இருக்கும் மீனுக்கு இனி மதிய விலைதான்.

நான் இரண்டு பக்கத் தண்ணீரோடும் சேர்த்து அழகாக எடுத்து வைத்திருந்த அந்த மணல் மேடு, இவர்களுக்குத் தூர். வாசலில் குவிந்து கிடக்கும் மண். முந்தின நாள் அண்ணாச்சி தோளால் படகை முட்டியது எதற்கு என்று இப்போது விளங்கியது.

வள்ளம் உள்ளே வந்து மீன் இறங்கிய பிறகு அண்ணாச்சியிடம் பேசக் கிடைத்தது. கடல் நீரோட்டத்தை அவர்கள் நீவாடு என்கிறார்கள். நீவாட்டைப் பற்றி அவர் சொன்னதை எல்லாம் என்னால் முழுவதும் பின்தொடர முடியவில்லை. சோநீவாடு மணலை இந்தப் பக்கம் ஏற்றும், வாநீவாடு கொஞ்சம் இறக்கும், ஆற்றில் வெள்ளம் வந்தால் மொத்தமாகக் கழுவிவிடும். வெள்ளம் வராவிட்டால் வாய் அடைத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஆத்தூர், ஏரல், திருவைகுண்டம் எல்லாம் துண்டிக்கப்பட்டுக் கிடந்ததே, அந்த வெள்ளத்தில் முகத்துவாரம் நன்றாகத் திறந்ததாம். அதே வெள்ளம் கொண்டுவந்த மண்தான் இப்போது வெளியே நின்றுகொண்டு திரும்பித் திரும்பி வருகிறது என்றார். பொதிகையில் கிளம்பும் ஆறு பாபநாசம், மணிமுத்தாறு, சேர்வலாறு என்று அணைகளையும், கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகளையும் தாண்டித்தான் கடலுக்கு வர வேண்டும். கோடையில் இங்கே வந்து சேர்வது பேருக்கு ஓர் ஓட்டம். அந்த ஓட்டத்துக்குக் கடலோடு மல்லுக்கு நிற்கத் தெம்பு இல்லை. அத்தானின் வெற்றிலை குடிப்பதும் அதே தண்ணீர்தான் என்பதை நான் அங்கே வாய்விட்டுச் சொல்லவில்லை. இது வெறும் ஊர்ச் சண்டையாக முடிந்துவிடக் கூடிய விஷயம் இல்லை. மேலே மணலை அள்ளினார்கள். அதற்காக 2010இல் நல்லகண்ணு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய்த் தடை வாங்க வேண்டியிருந்தது. ஆற்றுக்குள் மணல் இல்லாமல் தவிப்பு, ஆற்றின் வாயில் மணல் மிகுந்து தவிப்பு. இரண்டும் ஒரே ஆறு.

அந்த வார இறுதியில் தூத்துக்குடியில் படங்களை அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு புன்னைக்காயல் போனேன். நண்டு கழற்றும் விரல்கள், ஐஸ் பெட்டி மேல் தூங்கும் பையன், படகின் நெற்றியில் அந்தோணியார், எல்லாவற்றையும் அண்ணாச்சி மரியாதைக்கு ஒருமுறை பார்த்து மனைவியிடம் தள்ளிவிட்டார். அந்தம்மாள் படகின் பெயிண்ட் உரிந்திருப்பது படத்தில் தெரிகிறதே என்று அவரைத் திட்டத் தொடங்கினார். அண்ணாச்சியின் கையில் நின்றது அந்த ஆளில்லாத படம்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரலால் ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்தார். பிடித்துப் போய்விட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"இது நன்றாக இருக்கிறது. திட்டு எங்கிருந்து எங்கே வரை நிற்கிறது என்று முழுவதும் தெரிகிறது. வாய் எவ்வளவு ஒடுங்கியிருக்கிறது பாருங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கப் போகிறோம், இதைச் சேர்த்துக் கொடுக்கலாம்" என்றார். பிறகு முகம் மாறியது. "தேதி விழவில்லையே?"

தேதியைச் சேர்த்து வேறு பிரதி போட்டுத் தருகிறேன் என்றேன்.

"அதுவும் போதாது தம்பி. இதைப் பார்த்தால் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று தெரியாது. ஒரு பாகமா, ஒரு சாணா? அதிகாரிகள், நன்றாகத்தானே இருக்கிறது, வள்ளம் தாராளமாகப் போகலாமே என்பார்கள். உள்ளே ஓர் ஆள் நின்றால்தான் அளவு தெரியும். அன்றைக்கே ஓர் ஆளை நிறுத்தி எடுத்திருக்க வேண்டும் நீங்கள்."

அன்றைக்கு அங்கே நின்றிருக்கக் கூடிய ஒரே ஆள் அவர்தான் என்பதை நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. நீர் வற்றும் நேரத்தை மனதுக்குள் கணக்குப் பார்த்தார். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றார். மனைவி கண்டிப்பாகச் சொன்னார்: "மனுவில் போகிற படம், சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள்." வெள்ளைச் சட்டை வந்தது. அதைப் போட்டுக்கொண்டு, சாரத்தைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டி, முகத்துவாரத்தின் நடுவில் போய் நின்றார். நான் திட்டில் அதே இடத்தில் முக்காலியை ஊன்றினேன். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் காற்றை மீறிக் கத்தினார்: "முழங்கால் தெரிகிறதா?" தெரிகிறது என்று கையைக் காட்டினேன். "அலை வரும்போது எடுக்காதீர்கள், ஆழம் கூடுதலாகத் தெரிந்துவிடும்" என்றார். பக்கவாட்டில் திரும்பி நிற்கட்டுமா என்று கேட்டார். நேராகவே நிற்கச் சொன்னேன்.